இரும்பாணி வேலி

மாத்தளைப் பக்கத்து இரத்தோட்டைத் தச்சன் றினோஸ் நீர்கொழும்பில் கடலைப் பார்த்த ஒரு வீட்டுக்கு வெளியே உயரமாகப் பலகைத் தளம் போட்டு, சுற்றிக் கைப்பிடி வேலியும் அடித்துக் கொடுத்தான்.

“சேர், உப்புக் காத்துக்கு இரும்பாணி தாங்காதுங்க. துருப்பிடிக்காத ஆணி வாங்குவோம்” என்று முதல் நாளே சொன்னான்.

“இருக்கிறதை வச்சு அடியும்” என்றார் வீட்டுக்காரர் தர்மராஜா.

அந்த மாதம் மாத்தளையில் அவனுக்கு வேறு வேலை இல்லை. இரும்பாணியையே அடித்தான்.

இரண்டாம் மழைக்காலத்தில் ஆணிகள் இற்று வேலி பிடுங்கிக்கொண்டது. அதில் சாய்ந்து நின்ற தர்மராஜாவின் தாய் நேசம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானாள். செய்தி கேட்டு றினோஸ் பஸ் ஏறி நீர்கொழும்புக்கு ஓடினான்.

“தெரிஞ்ச தச்சன்தானே நீர்? ஏலாது எண்டு போயிருக்கலாமே!” என்று கத்தினார் தர்மராஜா.

தான் முதல் நாளே சொன்னது றினோஸுக்கு நினைவு வந்தது. ஆனாலும் போயிருக்கலாம்தான். அவன் போகவில்லை.

நான்கு நாள் கூலி கேட்காமல், துருப்பிடிக்காத ஆணியால் வேலியைப் புதிதாக அடித்தான். விடைபெறப் போனபோது, கட்டிலில் கிடந்த நேசம்மா மெல்லக் கேட்டாள்: “தம்பி, இனி நான் பயமில்லாமல் வெளியில வந்து நிக்கலாமோ?”

அவள் இனி எழும்பமாட்டாள் என்று டொக்டர் சொன்னது அவனுக்குத் தெரியும்.

“நிக்கலாம் அம்மா. இப்ப உறுதியா இருக்கு” என்றான்.