என்னைச் சாகடித்த கம்ப்யூட்டர்காரர்

கண் ஆபரேஷனுக்குப் போன என்னை, நான் இறந்துபோனதாகச் சொல்லி முகாமில் திருப்பி அனுப்பினார்கள். என்னைச் செத்தவள் கணக்கில் சேர்த்த கம்ப்யூட்டர்காரர் அடுத்த அறையில்தான் இருந்தார். ஒல்லி உடம்பு. என்ன கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்.

"ஏலே, செத்தவ வந்திருக்கேன். காப்பி சொல்லு" என்று எதிரே உட்கார்ந்தேன்.

திரையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். "லட்சக்கணக்கான பேரு ஆச்சி. நோயாளிங்க பட்டியலையும் இறந்தவங்க பட்டியலையும் பேரு, புருசன் பேரு, ஊரு வச்சு ஒண்ணாச் சேத்து ஜாயின் பண்ணேன். இந்த ஊருல உங்களை மாதிரியே சங்கரன் பொண்டாட்டி கோமதி ஒருத்தி செத்திருக்கா. அவகூட சங்கரனைக் கட்டின எல்லா கோமதியும் செத்துட்டாங்க."

"நம்ம ஊரு கோமதி அம்மன் கோயில் ஆடித்தபசு கூட்டத்துல கோமதின்னு கூப்பிட்டுப் பாரு. எவ திரும்பாம இருக்கான்னு பாப்போம்."

"இப்ப கார்டு நம்பரை வச்சுச் சேத்துட்டேன். உங்களுக்கு உயிர் வந்துட்டு. நாளைக்கே ஆபரேஷன்."

அத்தோடு விடுவேனா? கட்டுப் பிரித்ததும், அவர் கொன்ற கோமதிகளில் எனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் கூட்டிப்போய் அவர் முன்னால் உட்காரவைத்தேன்.

"இவளுவளும் நீ கொன்னவளுவதான். காப்பி சொல்லு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தியிடமும் சீனி போடலாமா என்று கேட்டுக் காப்பிக்குச் சொல்லிவிட்டார். புதுக் கண்ணால் உற்று உற்றுப் பார்த்தேன். இத்தனை பேரைக் கூட்டிப்போயும் அந்த முகத்தில் கோபமே இல்லை. அதில்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.