ஈரப் புல்லில் சைக்கிள் விட்டுப் பார்த்த மரியதாஸ் அண்ணா

மரியதாஸ் அண்ணா போய்விட்டார்... காலையில் பழைய ஆபீஸ் தோழி மெசேஜ் அனுப்பினாள். அதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

தொண்ணூறுகளில் பெங்களூருக்கு வெளியே ஒரு சின்ன ஃப்ளையிங் கிளப்பில் நான் டைப்பிஸ்ட். மேலே பறப்பவர்களுக்கு ரேடியோவில் பதில் சொல்வதும் என் தலையில்தான். அண்ணா அங்கே கிரவுண்ட் ஸ்டாஃப், பெங்களூர் காக்ஸ் டவுன்காரர்.

எங்கள் ரன்வே வெறும் புல்தரை. மழை விட்டதும் அண்ணா சைக்கிளில் வேகமாகப் போய் நடுவில் பிரேக் பிடிப்பார். சைக்கிள் சறுக்கினால் எந்த விமானமும் இறங்கக் கூடாது. அவ்வளவுதான் எங்கள் டெஸ்ட்!

வானம் கறுத்தாலே எனக்கு உதறும். "பிளேன் ஓட்டுறவங்களே தெம்பா இருக்காங்க... டைப் அடிக்கிற நீ ஏம்மா நடுங்குற?" என்று கிண்டல் செய்வார்.

அந்த மதியம்... ஷைலா என்ற ஸ்டூடண்ட் தனியாக மேலே பறந்துகொண்டிருந்தாள். திடீரென்று பத்து நிமிஷ மழை. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்து ரூமில் போனில் இருந்தார்.

அண்ணா சைக்கிளோடு விழுந்து, முழங்காலெல்லாம் சேறாக ஓடி வந்தார். "இறங்க வேணாம்னு சொல்லும்மா! சோப்பு மாதிரி வழுக்குது!"

மைக் என் கையில். பட்டனை அழுத்தினேன். குரலே வரவில்லை. கடவுளே, ஒரு வார்த்தைகூட வரவில்லை! மைக்கை அவர் கையில் திணித்தேன்.

அதற்குள் விமானத்தின் சக்கரம் புல்லைத் தொட்டுவிட்டது. "மேடம், பிரேக் ஹாக்பேடி! ஹாக்பேடி!" பிரேக் போடாதீர்கள் என்று கன்னடத்தில் கத்தினார். அவள் பயத்தில் போட்டுவிட்டாள்.

விமானம் பக்கவாட்டில் சறுக்கி, வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் ராகி வயலில் மூக்குக் குத்தி நின்றது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு ஷைலா பிழைத்தாள்.

அப்புறம் விசாரணை. அனுமதி இல்லாத ஆள் ரேடியோவில் கத்தியதால்தான் அந்தப் பெண் குழம்பிவிட்டாள் என்றார்கள். "உங்க கையிலேருந்து மைக்கைப் பிடுங்கினாரா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"ஆமா சார்" என்றேன்.

எங்கள் வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்... அது போய்விடுமோ என்ற பயம். அண்ணா பக்கத்திலேயே நின்றிருந்தார். வாயே திறக்கவில்லை. அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று.

பிறகு ஏதோ அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஆனார். பஸ் ஸ்டாப்பில் இரண்டு தடவை பார்த்தேன். அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சௌக்கியமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதுதான் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள். "அப்பா அன்னைக்கு அவசரப்பட்டு மைக்கைப் பிடுங்கிட்டாராமே ஆன்ட்டி. அதாலதான் வேலை போச்சுன்னு அம்மா அப்பாவைக் கடைசி வரைக்கும் திட்டிக்கினே இருந்தாங்க. அவரும் 'ஆமா, என் தப்புதான்'னு சிரிப்பாரு."

வீட்டில்கூடச் சொல்லவில்லை அந்த மனுஷன்...

அண்ணா பிடுங்கவில்லை. நான்தான் கொடுத்தேன். நாளைக்கு அடக்கத்துக்குப் போகும்போது சர்ச்சில் அண்ணியைப் பார்த்து இதைச் சொல்லப் போகிறேன்.

போயிட்டு வாங்க அண்ணா.