பேடு இன்னும் பதில் சொல்லவில்லை

பயம் என்னோடு கூடப்பிறந்தது. கிணற்றுத் துலாக்கயிறு அறுந்துவிடுமோ, அடுப்பில் பால் பொங்கிவிடுமோ என்று ஏங்கியே வளர்ந்தவள் நான். அம்மா நோயில் விழுந்தபோது ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன்பிறகு கோப்பாயில் எங்கள் புகையிலைத் தோட்டம்தான். என் தகப்பன் அப்பு கிணற்றில் இறைக்க, வாய்க்காலில் நின்று கன்றுகளுக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிடுவது என் வேலை.

அப்படி நிற்கும்போதுதான் வேலியோரத்துச் செண்பகப் பறவைகளைப் பார்த்தேன். "ஊப், ஊப்" என்று சேவல் கூப்பிடும். பெண்ணான பேட்டுக்கு மனமிருந்தால் அதைவிடத் தடித்த குரலில் பதில் கொடுக்கும். சேவல் ஓணான் குட்டியொன்றைக் கவ்விவந்து அதன் வாயில் வைக்கும். மனமில்லாவிட்டால் பேடு பேசாமல் இறகு கோதிக்கொண்டிருக்கும்.

ஊரார் காதில் அது ஒப்பாரி. நல்ல காரியத்துக்குப் போகையில் இடப்பக்கம் செண்பகம் கத்தினால் திரும்பிவிடுவார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் எங்கள் வாசற்படலையடியில் அப்படித்தான் நின்றார்கள். இடப்பக்கத்துக் கிளுவை வேலிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"செண்பகம் அழுகுது. உது சரிவராது, திரும்புவம்," என்றார் மாப்பிள்ளையின் தாய்.

அப்பு கையைப் பிசைந்தார். நான் குசினி அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன்.

"அழேல்லை மாமி. சேவல் பேட்டைக் கூப்பிடுது."

மாப்பிள்ளையின் தமையன் சிரித்தார். "அப்ப பேடு என்ன சொல்லுதாம்?"

"இன்னும் சொல்லேல்லை. விருப்பமெண்டால் சொல்லும்."

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். பேடு வாயே திறக்கவில்லை.

"சரியான வாய்க்காரி," என்றபடி தாய் நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

பத்து நாளில் அவர்கள் ஆளனுப்பினார்கள். கோயிலில் அருச்சனை செய்து தோஷம் கழித்தாயிற்றாம். பெண்ணை எடுக்கச் சம்மதமாம். ஆனால் பெண் இனிப் பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறக்கக்கூடாதாம்.

அப்புவின் முகம் மலர்ந்தது. "தப்பினம் பிள்ளை. ஓமெண்டு சொல்லட்டே?"

"எனக்கு விருப்பமில்லை அப்பு."

"இனி ஒருதரும் வராட்டி என்னடி செய்வாய்?"

அந்தக் கேள்வியை அவருக்கு முந்தியே நூறு தரம் என்னிடமே கேட்டிருந்தேன். ஒருவரும் வராவிட்டால்? அம்மாவும் போய்விட்டால்? கிணறும் வற்றிவிட்டால்?

"புகையிலைக்குத் தண்ணி மாறுவன்," என்றேன்.

சேதி கொண்டு வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். படலையைத் தாண்டும்போது செண்பகம் மறுபடியும் கத்தியது. மனுசன் துள்ளி, நடையைக் கூட்டினார். அந்த முறை நான் விளக்கம் சொல்லப் போகவில்லை.