பெரியப்பா மறக்கவில்லை

அமீர்பேட்டில் நான் படிக்கும் பயிற்சி மையத்தில் வகுப்பு முடியும்வரை எல்லோருடைய கைப்பேசிகளும் வாசலில் ஒரு மரப்பெட்டிக்குள் தூங்கும். அன்று காலை இயற்பியல் வகுப்பின் நடுவே மையத்தின் பொறுப்பாளர் உள்ளே வந்து என்னை வெளியே அழைத்தார். பெரியப்பா தவறிவிட்டாராம், அப்பா பேசினார் என்று தெலுங்கில் சொன்னார். சொல்லும்போதே என் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்க்கத்தான் செய்வார். விடுப்புக்காக, உயிரோடு இல்லாத இரண்டு தாத்தாக்களை அவரிடம் நான் மறுபடியும் சாகடித்திருக்கிறேன். அப்பாவை இன்னொரு தரம் அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் என்னை அனுப்பினார். இதுவும் நான் கிளப்பிய புரளியாக இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே மெட்ரோ படிகளில் ஏறினேன்.

புரளியாக இல்லை. காலை காப்பியைக் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் கொடுக்கப்போகும் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் பெரியம்மா. வீட்டில் தமிழ் ஒழுங்காக எழுதத் தெரிந்த வாண்டு நான் ஒருத்திதான். என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொல்லியிருந்தார்: "கடைசி ரெண்டு வருசம் மறதி இருந்தாலும், மனுசங்கள மறக்காதவருன்னு எழுதுட்டி." உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

அவரைத் தெரியாதவர்களுக்கு: சிவசுப்பிரமணியன், அப்பாவின் அண்ணன். திருநெல்வேலியிலிருந்து இருபத்து மூன்று வயதில் பாதுகாப்புத் துறை வேலைக்காக ஹைதராபாத் வந்தவர். திருமுல்கேரியில் வீடு. கட்டையான உருவம், உருவத்துக்குப் பொருந்தாத பெரிய சிரிப்பு. சுத்த சைவம். எந்தப் பேருந்து எந்தத் தெருவில் திரும்பும் என்று நடத்துநருக்கே சொல்லித் தருபவர். வெள்ளிக்கிழமைதோறும் பேருந்து ஏறி மெட்டுகுடாவுக்குப் போய், ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருடன் சதுரங்கம் ஆடித் தோற்றுவிட்டு வருவார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவருடைய ஸ்கூட்டரில் 'விற்பனைக்கு' என்று இந்தியில் எழுதி, வீட்டு எண்ணையும் போட்டு ஒட்டிவிட்டேன். அவர் அதோடு ஊரெல்லாம் சுற்றி வந்தார். சாயங்காலம் ஒருவர் வாசலில் வந்து நின்று விலை கேட்டார். பெரியப்பா கோபப்படவில்லை. அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். "ஓனர் இவங்கதான். பேசிக்கோங்க." வந்தவர் என்னைப் பார்த்து, "கைக்கு பேட்டா, பேச்சீங்கே யா நை?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். எதற்கம்மா, விற்பாயா மாட்டாயா என்று. அரை மணி நேரம் நான் முழித்த முழியைப் பெரியப்பா தீபாவளிக்குத் தீபாவளி நடித்துக் காட்டுவார். குறும்பை மதிக்கத் தெரிந்தவர். என் பெயரிலேயே மதி இருந்தும் எனக்கு அது வேறெங்கும் இல்லை என்பது அவர் கருத்து.

இரண்டு வருடங்களுக்கு முன், கோபன்ஹேகனில் வேலை பார்க்கும் கோமதி அக்காவுக்குக் கல்யாணம். அக்கா பெரியப்பாவின் ஒரே மகள். மாப்பிள்ளை மிக்கெல், அந்த ஊர்க்காரர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விடுப்பு கிடைக்காததால், எங்கள் வீட்டின் சார்பில் பெரியப்பா பெரியம்மாவுடன் நான் போனேன். என்னை அனுப்பியது தவறு என்பதை வீடு இன்றுதான் தெரிந்துகொள்ளப்போகிறது.

கல்யாண விருந்து, நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்துச் சத்திரத்தில். முந்நூறு வருடப் பழமை. வழிப்போக்கர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுக்கலாம் என்று அக்காலத்தில் ராஜாவே அனுமதி எழுதிக் கொடுத்த இடமாம். நாணல் வேய்ந்த தடித்த கூரை, குனிந்தே நுழைய வேண்டிய வாசல், தலையைத் தட்டும் கறுத்த உத்தரங்கள். பெரியப்பா குனியாமலே உள்ளே போனார். அவர் உயரத்துக்கு அளவெடுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றேன். "முந்நூறு வருசமா ஒரே சமையலாம்ட்டி. எங்க ஆபீஸ் கேண்டீன்காரன் இங்கதான் படிச்சிருப்பான்" என்றார்.

அன்று மதியமே நான் ஒரு வேலை செய்துவிட்டிருந்தேன்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்குச் சற்று முன்பு இன்சுலின் போட்டுக்கொள்வார். கூடவே சட்டைப் பையில் நாலு ஆரஞ்சு மிட்டாய் எப்போதும் இருக்கும். சர்க்கரைக்காரரின் பையில் மிட்டாயா? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டிய திருட்டு என்றுதான் நினைத்தேன். விடுதி அறையில் அவர் குளிக்கப் போனதும், நாலு மிட்டாயையும் நான் தின்றுவிட்டு, அழிரப்பரை நாலு துண்டாக வெட்டி, அதே காகிதங்களில் முறுக்கி, விருந்துக்கென்று மாட்டியிருந்த கோட்டின் பையில், அவர் மிட்டாயை எடுத்து வைத்திருந்த இடத்திலேயே, திரும்பப் போட்டேன். எல்லோர் நடுவிலும் அவர் ரப்பரை மெல்லுவதைப் பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். உடம்பில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் உயிரைப் பிடித்து நிறுத்த அவர் வைத்திருந்தவை அவை என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

விருந்து ஆறு மணி என்று அட்டையில் இருந்தது. அந்த ஊரில் ஆறு என்றால் ஆறுதான். எல்லோரும் உட்கார்ந்ததும் பெரியப்பா எழுந்துபோய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். நம் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் சோறு விழுந்துவிடும். அங்கே முதலில் பாட்டு விழுந்தது. மணமக்களைக் கேலி செய்து உறவினர்கள் எழுதிய பாட்டு, ஒன்பது சரணம், அறுபது பேரும் சேர்ந்து பாடினார்கள். பிறகு மாப்பிள்ளையின் தாயார் இங்கா பேசினார். பிறகு ஊறவைத்த மீன் வந்தது. கம்பு ரொட்டி மாதிரிக் கறுப்பு ரொட்டி இருந்ததுதான், ஆனால் அதன்மேல் மீன் படுத்திருந்தது. பெரியப்பா தட்டைத் தொடவில்லை. எங்களுக்கான சைவத் தட்டு அடுத்த சுற்றில் வரும் என்றார்கள். அடுத்த சுற்றுக்கு முன்னால் மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்தார், கையில் ஒரு கத்தைக் காகிதத்துடன்.

அந்த ஊர் விருந்தில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் சமையலறை காத்திருக்கும். யாரும் எழ மாட்டார்கள். யார் எப்போது பேசலாம் என்று சொல்வதற்கே மணியோடு ஒருவர் இருந்தார்.

நான் கடைசி மேசையில் இருந்தேன். பெரியப்பா முதல் மேசையில், இங்காவின் பக்கத்தில். அவர் கை கோட்டுப் பைக்குள் போனதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம். வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். துடைக்கும் துணியில் மெதுவாகத் துப்பினார். அவர் கண் நேராக என்னைத் தேடி வந்தது. சிரிப்பார் என்று காத்திருந்தேன். இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவதைப் பிரிக்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை, நடுங்கின. நெற்றியிலிருந்து வியர்வை தாடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில், அந்தக் கூட்டத்தில் வியர்த்தது அவர் ஒருவருக்குத்தான். ஏதோ பெரிதாகத் தப்பு செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. பெரியம்மா மேசையின் மறுகோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, புரியாத பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. பேசிக்கொண்டிருந்த சித்தப்பா நிறுத்தினார். நான் பேச ஆசைப்படுகிறேன் என்று நினைத்து மணிக்காரர் மணி அடித்தார். மணப்பெண்ணின் தங்கை பேசுவாராம். அறுபது முகங்களும் என் பக்கம் திரும்பின. எனக்கு வந்த ஒரே வார்த்தையை ஆங்கிலத்தில் சொன்னேன்: "சர்க்கரை. சர்க்கரை வேணும்."

வேடிக்கைப் பேச்சின் ஆரம்பம் என்று நினைத்து அறை முழுக்கச் சிரித்தது. கைதட்டினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக நான் உண்மையைச் சொல்லி, கூட்டம் சிரித்தது.

சமையலறைக்கு ஓடினேன். அகன்ற வாணலியில் உருளைக்கிழங்குக்காகச் சர்க்கரை பாகாகிக்கொண்டிருந்தது. சமையற்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு கோப்பைத் தண்ணீரில் கைநிறையச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினார். நான் திரும்பி ஓடியபோது பெரியப்பாவின் தலை இங்காவின் தோளில் சாய்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டால் சொல்லும் நிலையில் இல்லை. கோப்பையை அவர் உதட்டில் வைத்தேன். விழுங்குங்க பெரியப்பா என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. முதல் வாய் கோட்டில் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. அதற்குள் பெரியம்மாவும் அக்காவும் வந்துவிட்டார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்கள்போல ஒன்றை நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை.

மெல்ல முகத்தில் தெளிவு வந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த மனுசன் பேசி முடிச்சிட்டாரா?"

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை. "மிட்டாய் எங்க? எப்பவும் வச்சிருப்பீங்களே?"

நான் வாயைத் திறந்தேன். பெரியப்பா முந்திக்கொண்டார்.

"ரூம்லயே வச்சிட்டு வந்துட்டேன். மறந்துபோச்சு."

மேசைத்துணிக்கு அடியில் அவருடைய இடது கை மூடியிருந்தது. அதற்குள் ரப்பர்.

இங்கா, பேச்சுகள் நீண்டுவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, தவறு என் மறதியில் என்று அவரிடமும் பெரியப்பா சொன்னார். பிறகு பாகில் புரட்டிய உருளைக்கிழங்கையும் சிவப்புக் கோஸையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பெண்ணின் தகப்பனாராக எழுந்து நின்று நாலு வார்த்தையும் பேசினார்.

சாப்பாடு முடிந்து முற்றத்தில் அவர் தனியாகக் கிடைத்தபோது நான் அழுதேன். அவர் கையைத் திறந்து துண்டுகளை என்னிடம் கொடுத்தார். "இந்தா, பரீட்சைக்கு ஆவும்." எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நக்கோ, வேண்டாம்" என்றார். அவர் ஹைதராபாத்காரராக மாறுவது கண்டிப்பாகப் பேசும்போதுதான். "நாளைக்கு உங்க அக்கா கல்யாண போட்டோவப் பாத்தா, இது ஞாபகம் வரக்கூடாது. எனக்கு மறதின்னு இருந்துட்டுப் போட்டும்."

போகவில்லை. அந்த மறதி எங்களோடு விமானம் ஏறி ஹைதராபாத் வந்தது. உயிர் காக்கும் மிட்டாயையே மறப்பவர் எதைத்தான் மறக்க மாட்டார்? பெரியம்மா பயந்தார். அந்தப் பயத்தில் தப்பில்லை. சட்டைப் பையில் விலாசம் எழுதிய சீட்டு வந்தது. ஸ்கூட்டர் உண்மையாகவே விற்பனைக்கு வந்தது. மெட்டுகுடாவுக்குத் தனியாகப் போகக் கூடாது என்றாயிற்று. யாராவது கூட வந்தால் போகலாம். வெள்ளிக்கிழமை யாருக்கும் நேரம் இருக்காது. மூளை மருத்துவரிடமும் அழைத்துப் போனார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னாராம். சொல்லி முடித்துவிட்டு, அந்த மருத்துவமனைக்கு வரும் பேருந்துகளையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். "இன்னைக்கு நல்லாத்தான் சொல்லுதாரு. அன்னைக்கு மறந்தாருல்லா" என்றார் பெரியம்மா.

ஒரு நாள் மறுபடியும், நான் சொல்லிவிடுகிறேன் பெரியப்பா என்றேன். "இப்பச் சொன்னா உங்க பெரியம்மா உன்னைய வாசப்படி ஏறவிட மாட்டா. பொறவு எனக்குப் பேச்சுத்துணைக்கு யாரு இருக்கா? விடுட்டி" என்றார். விட்டுவிட்டேன். அவர் சொன்னதற்காக மட்டுமல்ல, எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

முந்தாநாள் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மலருக்காகப் புகைப்படங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தார். முழுவதையும் கேட்டார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"அப்போ, தனியாப் போயிட்டு வாரேன்னு அவரு கேட்டப்பல்லாம்..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. ஒரு படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எழுது. ஒண்ணையும் விடாம எழுது. பதினாறுக்கு வாரவங்க எல்லாரும் படிக்கட்டும்."

எழுதிவிட்டேன். பெரியப்பா எதையும் மறக்கவில்லை. ஒரு நாளும், ஒன்றையும்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. கேட்டுக்கு உள்பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வகுப்புக்குப் போகும் அவசரத்தில் தெருவிலிருந்தே கையசைத்தேன், அவரும் அசைத்தார். மெட்டுகுடா வழியாகப் போகும் பேருந்து அந்த நேரம் பார்த்து முனையில் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அவர் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி, அது புறப்பட்டுத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

போய்ட்டு வாங்க பெரியப்பா. இனி உங்களுக்குத் துணைக்கு ஆள் தேட மாட்டோம். வழி உங்களுக்குத் தெரியும்.