போசி போச்சா?

எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். மறதியும் சேர்ந்துகொண்டது. காலையில் மாத்திரை போட்டேனா என்பதே மருமகள் சொன்னால்தான் தெரிகிறது.

இந்த வருசம் என்னையும் நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று மருமகள் செல்போனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "மாமி, உங்க முப்பது நோன்புக்கும் பித்யா அனுப்பியாச்சுங்க" என்றாள். நோன்பு வைக்கவே முடியாதபடி உடம்பு போனவர்கள், ஒரு நோன்புக்கு ஈடாக ஓர் ஏழைக்கு இரண்டு வேளை வயிறார உணவு கொடுப்பதுதான் பித்யா.

"அதை யாரு கண்ணு சாப்புடுவாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க மாமி."

நல்ல பிள்ளை. அதற்குமேல் கேட்க எனக்குக் கூச்சம். இந்தக் கூச்சம் இன்று நேற்று வந்ததல்ல, இதனால் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. அடுப்படியில் அரிசிம்பருப்புச் சோற்றுக்குப் பூண்டு தாளிக்கிற வாசம் வந்தது. அந்த வாசத்தோடு என் பழைய தூக்குப்போசியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சோறு கொண்டுபோகிற எவர்சில்வர் போசி, ஒரு பக்கம் நசுங்கி, மூடியைத் திருகித்தான் சாத்த வேண்டும்.

அப்போது உக்கடத்தில், அஞ்சு வீட்டு லைன் ஒன்றில் குடியிருந்தோம். தொண்ணூறு பிறந்து ஓரிரண்டு வருசம் இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் பழைய இரும்புக் கடையில் எடை போடுகிற ஆள். சர்க்கரை முற்றி, நோன்புக்கு ஒரு வாரம் முன்னால் கடையிலேயே மயங்கி விழுந்தார். இனி ஆயுசுக்கும் நோன்பு கூடாது என்றார் டாக்டர். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டதற்கு, பித்யா கொடுத்துவிடச் சொன்னார்.

"நாமளே ஏழை. நமக்கு மேல ஏழைய எங்க புள்ளே போய்த் தேடறது?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். சிரித்த மனுசன் அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினோரு வயதிலிருந்து ஒரு நோன்பு விடாதவர். திரும்பாமலேயே, "என்ற நோன்பு இனி உன்ற கையில" என்றார்.

தேடவெல்லாம் வேண்டியதில்லை. கடைசி வீட்டில் ஜைத்தூன் மாமி இருந்தார். புருசன் இல்லை. மகன் சத்தியமங்கலம் பக்கம் போனவன், போனவன்தான். புளி தட்டிக் கொடுத்துப் பிழைத்தார். ஆனால் ஏழைகளுக்கு ஜகாத் கொடுக்கிற வரிசையில் நில்லுங்கள் என்று மாமியிடம் ஒருத்தர் சொல்ல முடியாது. சொன்னவர் முகத்தைத் திரும்பப் பார்க்கமாட்டார். அவரிடம் போய், ஏழைக்குக் கொடுக்கிற சோறு இது என்று எந்த வாயால் சொல்வது? முதல் நாள் பொழுதோட, நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், போசியைக் கொண்டுபோய் நின்றேன். நோன்பு திறந்ததும் சாப்பிட, விடியுமுன் சஹருக்குச் சாப்பிட, இரண்டுக்கும் காணும்.

"அளவு தெரியாம கூட ஆக்கிப்போட்டேனுங்க மாமி."

வாங்கிக்கொண்டார். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாளும். எனக்கு வேறு பொய் சொல்ல வராது. பத்தாம் நாள் மாமி மூடியைத் திருகிக்கொண்டே, "ஏன் அம்மணி, கண்ணாலமாயி இருவது வருசமாச்சு, உனக்கு இன்னும் ஒலையில அரிசி போடப் பழகலியா? உன்ற மாமியா சும்மாவா உட்டா?" என்று கேட்டார். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.

போசி ஒருநாளும் வெறுமனே திரும்பாது. ஒரு பிடி முருங்கைக்கீரை, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒன்றுமில்லாத நாளில் ஒரு கல் உப்பு. பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது ஓட்டல் சாப்பாடு பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. அதை யார் யாருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்?

எங்கோ போய்விட்டேன். தினமும் நான் வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரர் படுத்தவாறே கேட்பார்: "போசி போச்சா?"

"போச்சுங்க."

அதற்கப்புறம்தான் கஞ்சியைக் கையில் வாங்குவார்.

இருபத்திரண்டாம் நோன்பு என்று நினைக்கிறேன். பங்குனி வெயில் கொளுத்துகிற மத்தியானம். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துவிட்டதைச் சொல்ல மாமி வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்ததே தவிரத் தாழ் போடவில்லை. தள்ளினேன். மாமி ராகிக் களி தின்றுகொண்டிருந்தார், நோன்பும் அதுவுமாக. எனக்குத்தான் ஓடிப்போக வேண்டும் போல இருந்தது.

"பாத்துப்போட்டியா," என்றார் மாமி. "கதவச் சாத்திட்டு உள்ள வா. வயித்துல புண்ணு. ரெண்டு வருசமா நோன்பு இல்ல, யாருக்கும் சொல்லல. இனி புடிக்கவே முடியாதாம்."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

"உன்ற சோத்த நான் ஒரு வாய் தொட்டதில்ல அம்மணி, கோவிச்சுக்காதே. நோன்புக்குப் பதிலா ஏழைக்குச் சோறு குடுக்கோணுமாமே, என்கிட்ட ஏது? அல்லா பாத்து உனக்கு அளவு மறக்க வெச்சான். அதான் அந்தத் தண்ணிக்கொடம் சொமக்கற சபுரா இருக்காளே, ரெண்டு புள்ளைகளோட, அவளுக்குக் குடுத்துப்போடறேன். என்ற கணக்குக்கு ஆச்சு."

ஒரே போசி. இரண்டு பேருடைய நோன்பு அதில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் மாமியை ஏழை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதாகும், அவருடைய இருபத்தோரு நாளையும் பிடுங்கிக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரருடையது என்ன ஆவது? "கொழாயில தண்ணி வந்திருச்சுங்க மாமி," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பொழுதோடவும் அதே போசி, அதே பொய்.

"போசி போச்சா?"

"போச்சுங்க."

மிச்ச நாளும் அப்படியே கழிந்தது. அடுத்த நோன்பு வருமுன் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிவிட்டார். ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கலாம். கேட்டால், யார் அந்த மாமி என்பார். லைனில் இருப்பதே அஞ்சு வீடு. எத்தனையோ வருசம் இதை நெஞ்சில் தூக்கித் திரிந்து எனக்கு அலுத்துவிட்டது.

இப்போது மாமியும் இல்லை. சபுரா எந்த ஊரில் இருக்கிறாளோ. லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். வீடு மாறியதில் போசியும் போச்சு. இந்த அபார்ட்மெண்டில் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள், பசித்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது.

நாள் கணக்கும் மற்றதும் பிசகியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மார்க்கம் படித்தவர்கள் யாராவது இதை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள்: அந்தச் சோறு யாருடைய நோன்புக்குச் சேர்ந்தது? என் வீட்டுக்காரருக்குச் சேரவில்லை என்றால் முப்பது நாளையும் என் கையால் திரும்ப ஆக்குகிறேன். மாமிக்குச் சேரவில்லை என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள், அதையும் சேர்த்து ஆக்கிவிடுகிறேன். இவ்வளவு எதற்கு என்று மருமகள் கேட்டால், அளவு தெரியாமல் கூட ஆக்கிப்போட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.