இதையும் அதையும் சேர்த்து வாங்கலாமா?

எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்றின் கவுண்டரில் உட்கார்ந்து, எந்த அரசாங்க உதவித்தொகையை எதோடு சேர்த்து வாங்கலாம், எதோடு கூடாது என்று சொல்வதுதான் என் தொழில். கவுண்டருக்குப் பின்னால் இருந்து “முடியாது” என்று சொல்லிப் பழகியவர்களுக்கு என் பாடு புரியும்.

வேலை உண்டா, இல்லையா

முனியாண்டி அண்ணனுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கால் சூம்பியிருக்கும். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. வேலை செய்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது. ஆள்குறைப்பு வந்தபோது வேலையோடு அதுவும் நின்றது.

வேலை செய்ய இயலாதவர்களுக்கு வேறொரு தொகை உண்டு, டாக்டர் அப்படி எழுதித் தரவேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டு போனவர் மறுவாரம் ஃபெரி ஏறித் திரும்பி வந்தார். டாக்டரிடம் போகவே இல்லையாம்.

“இவனால முடியாதுன்னு ஒருதடவை எழுதிட்டா, அப்புறம் எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்? நான் தேடிக்கிறேன் தங்கச்சி.”

யார் பெயரில்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் சரசு அக்காவின் மகன் பிறந்ததிலிருந்து படுக்கையில்தான். அவனைப் பராமரிப்பதற்கான தொகை அக்கா பெயரில் வருகிறது. பையனுக்குப் பதினெட்டு ஆனதும், அவனுக்கென்று இருக்கும் தொகையையும் கேட்க வந்தார்.

இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்றேன். இப்போது வருவதுதான் சற்றுக் கூடுதல், அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.  அக்கா மகனுடையதற்கே மாற்றச் சொன்னார். குறையுமே அக்கா என்றேன்.

“குறையட்டும்லா. அவன் பேருக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே வந்ததில்லை.”

பதிவுத் திருமணம்

சந்திரனுக்கும் லெட்சுமிக்கும் பார்வை கிடையாது. அவர் உடம்பு பிடித்துவிடும் வேலை செய்கிறார். அந்த அம்மாள் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறார். இருவருமே உதவித்தொகை வாங்குகிறவர்கள். கல்யாணம் பண்ணினால் ஒருவருடையதை வெட்டிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார். அதை நம்பி, பதிவையும் அதன்பின் கட்டவேண்டிய தாலியையும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதற்கிடையில் லெட்சுமியின் அப்பா, மகள் கழுத்தில் தாலி ஏறாததைச் சொல்லிச் சொல்லியே இறந்துபோனார்.

நான் நலத்துறைக்குப் போன் போட்டு விசாரித்தேன். அவரவர் சம்பளத்தைத்தான் பார்ப்பார்களாம். கல்யாணத்தால் ஒன்றும் குறையாது. சொன்னதும் சந்திரன் சிரித்துவிட்டார். லெட்சுமி சிரிக்கவில்லை. சந்திரனின் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“இதை எங்கப்பா இருக்கும்போதே வந்து கேட்டிருக்கலாம் அக்கா.”

சேர்த்து வாங்கலாமா என்று கேட்டுத்தான் எல்லாரும் வருகிறார்கள்; பாதிப்பேர் கிடைப்பதையும் விட்டுவிட்டு, எனக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.