வாடகைக் கணினியில் ஒரு கல்யாணப் படம்

கிள்ளானில் சவ வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் இணையதளம் கட்டக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். அதற்கு முன்பு டயர் கடை, கார் கழுவுமிடம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை, லோரி என்று எதிலும் ஓராண்டைத் தாண்டியதில்லை. சவ வண்டியில் இரண்டாண்டு நிலைத்ததற்குக் காரணம், அந்த வேலையில் காத்திருக்கும் நேரம் அதிகம். வீட்டில் சடங்கு முடியும்வரை வண்டியிலேயே இருக்க வேண்டும். மின்சுடலையிலும் அப்படித்தான். பழைய மடிக்கணினி ஒன்றை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஹேண்ட்போனில் பாட வீடியோக்களை ஓடவிட்டு, பார்த்ததைத் தட்டிப் பழகினேன்.

நான் முதலில் கட்டியது எங்கள் முதலாளிக்கு. மரணச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும்போது நேரம் மாறினால், பழைய செய்தியும் புதிய செய்தியும் சேர்ந்தே சுற்றும். சாலாக் செலாத்தானிலிருந்து வந்து இறங்கிய ஒரு குடும்பம், உடல் போய் ஒரு மணி நேரம் கழித்து வெறும் கூடாரத்தைப் பார்த்து அழுததை நான் கண்டிருக்கிறேன். ஆகவே, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்தேன். படம், வீட்டு முகவரி, புறப்படும் நேரம், வரைபடம். நேரம் மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

அந்தப் பக்கங்கள் இருந்தது, இணையம் வழியாகக் கணினியை வாடகைக்கு விடும் ஒரு கிளவுட் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில். முதலாளிக்கு இது விளங்கவே இல்லை.

"எங்கடா இருக்கு அந்த கம்ப்யூட்டர்?"

"சிங்கப்பூர்ல, பாஸ்."

"உனக்குப் பாஸ்போர்ட்டே இல்லையேடா! நீ எப்படிலா அங்க கொண்டு போய் வச்ச?"

சிரித்தேன். ஆனால் எனக்குமே அது முழுதாக நம்பக்கூடியதாக இல்லை. யாரும் வராதபோது அந்தக் கணினி தூங்கிவிடும். எங்கோ ஒருவர் இணைப்பைத் தொட்டதும் எழுந்து, நான் கிள்ளானில் எழுதிய வரிகளைப் படித்து, அவருக்குப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கும். யார் வந்தாலும் பதிவில் ஒரு வரி விழும். சாவு வீட்டு வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். திரையிலோ இருநூறு பேர் வந்து முகம் பார்த்துப் போயிருப்பார்கள். பங்சாரிலிருந்தும் வருவார்கள், சென்னையிலிருந்தும் வருவார்கள், எனக்கு உச்சரிக்க வராத ஊர்களிலிருந்தும் வருவார்கள். சத்தமே இருக்காது. ஒரு வரி, அதன் கீழே இன்னொரு வரி. முதல் தடவை அதைப் பார்த்தபோது ரேடியோவை அணைத்துவிட்டேன்.

கிள்ளானில் ஓர் அக்காவின் அம்மா இறந்தபோது நான்தான் போனேன். அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே நல்ல படம் கல்யாணப் படம், கணவரோடு நிற்பது. அக்கா எங்கள் பக்கத்தைத் திறந்து, அங்கேயே கேமராவைத் தட்டி, படத்தைப் படமெடுத்து ஏற்றினார். பெட்டியை மூடப் போகும் நேரத்தில் என்னிடம் வந்தார்.

"அண்ணே, போட்டோ ஏறிருச்சில்ல?"

"ஏறிருச்சுக்கா. பத்திரமா இருக்கும்."

"அப்போ இதை அம்மா கையிலேயே வச்சிடுறேன். அப்பாவோட போகட்டும்."

வைத்தார். நான்தான் மின்சுடலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அக்கா கூப்பிட்டார். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும். பக்கத்தில் படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம்தான் தெரிகிறதாம்.

"உங்க ஹேண்ட்போன்ல இருக்குமேக்கா?"

"தேடிட்டேன் அண்ணே. கேலரியில இல்ல."

இருக்காது. பக்கத்துக்குள்ளேயே எடுத்த படம் ஏறுவதோடு சரி. கைப்பேசியில் சேராது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தின வாரம் பக்கத்தின் ஓரக்கோட்டை மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாற்றி, புதிதாக ஏற்றியிருந்தேன். அப்படி ஏற்றும்போது கிளவுட், பழைய கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தரும். எழுத்துகளை வேறோர் இடத்தில் சேமித்திருந்தேன், அவை பிழைத்தன. படங்களை அந்தக் கணினியின் வட்டிலேயே வைத்திருந்தேன். வீட்டு அலமாரியில் வைப்பதுபோல. படங்களுக்கென்று தனிக் கிடங்கு உண்டு, அதில்தான் வைக்க வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். நான் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு ஓட்டியிருந்தேன். வாடகை அறையில் நான் இல்லாத நேரம் என் பையைத் தெருவில் போட்டிருக்கிறார்கள், இரண்டு தடவை. அப்படி அனுபவப்பட்டவனே வாடகை இடத்தை நம்பி அடுத்தவர் பொருளை வைத்திருந்தேன்.

அக்கா வீட்டுக்கே போய் உள்ளபடியே சொன்னேன். முழுதையும் கேட்டார். பிறகு, "எங்கம்மா கையில நான் அதை வைக்காமலே இருந்திருக்கலாமே அண்ணே," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு வழி இருந்தது. பக்கத்தைப் பார்த்த ஒவ்வொரு கைப்பேசியும் படத்தின் நகல் ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கும். யாரிடமாவது இருக்கிறதா என்று குடும்பக் குழுவில் கேட்கச் சொன்னேன். அதில்தான் இரண்டாம் தவறு. துக்கத்தில் உதவி கேட்டால் எங்கள் ஆட்கள் ஒருவர்கூடச் சும்மா இருக்க மாட்டார்கள். எல்லோரும் அந்த நிமிடமே இணைப்பைத் தொட்டார்கள். பதிவில் வரிகள் விழத் தொடங்கின. ஒவ்வொரு கைப்பேசியும் என் கணினியிடம், 'என்னிடம் ஒரு படம் இருக்கிறது, இன்னும் அதுதானா?' என்று கேட்டது. என் கணினி, 'அப்படி ஒரு படமே இல்லை' என்றது. கைப்பேசி தன்னிடம் இருந்ததையும் விட்டுவிட்டது. நாற்பது வரிகளுக்கு மேல் என் கண் முன்னால் விழுந்தன. உதவ வந்த ஒவ்வொருவரும் அறியாமல் ஒரு நகலை அழித்தார்கள். நிறுத்தச் சொல்லி அக்கா எழுதுவதற்குள் முடிந்துவிட்டது.

"இன்னும் யாருக்கா பாக்கி?"

"செமினியில தாய்மாமா. அவரு குரூப்பையே பார்க்க மாட்டாரு."

ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார்.

"மாமா, அம்மா பக்கம் ஹேண்ட்போன்ல இருக்கா?"

"இருக்கும்மா. ஆனா இன்டர்நெட் இல்ல. டாப் அப் முடிஞ்சு ஒரு வாரமாச்சு. இரு, கடை பக்கத்துலதான், இப்ப போட்டுட்டு வரேன்."

"வேணாம் அங்கிள்!" நான் கத்தினேன். "டாப் அப் பண்ணாதீங்க! எதையும் தொடாதீங்க!"

"யாரும்மா இது? ஏன் கத்துறான்?"

"சவ வண்டிக்காரண்ணே மாமா."

"அடடா. இப்ப யாரு போயிட்டா?"

அக்கா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு சவ வண்டியிலேயே செமினிக்குப் போனோம். பக்கத்து வீட்டார் வெளியே வந்து நின்றதால் மாமா முதலில் அவர்களுக்கு, "யாருக்கும் ஒண்ணும் ஆகல லா," என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கைப்பேசியை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். அதை இப்படி ஏந்தி வந்து கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"அன்னைக்குத் திறந்தது தம்பி. மூடவே இல்ல. காலையில எந்திரிச்சதும் எங்க அக்காவ ஒரு தடவை பார்த்துக்குவேன்."

முதலில் இணைய இணைப்பு எதுவும் இல்லாதபடி எல்லாவற்றையும் அணைத்தேன். திரையைத் திறந்தேன். மஞ்சள் ஓரக்கோடு. அதற்குள் அந்த அம்மா, இருபது வயதில், கழுத்தில் கனத்த மாலையோடு; பக்கத்தில் கேமராவைப் பார்க்கப் பயந்ததுபோல் கணவர். நான் முதலில் செய்தது திரையை அப்படியே படம் பிடித்தது. அதன் பிறகுதான் படத்தை அழுத்திப் பிடித்து, சேமி என்றேன். சேமித்தது.

சிங்கப்பூரில் அந்தப் படம் இருந்த கணினி இப்போது உலகத்தில் இல்லை. படம் அங்கே இல்லை, கிள்ளானில் இல்லை, நாற்பது பேரிடம் இல்லை. டாப் அப் போடாத ஒருவரின் துண்டுக்குள் இருந்தது. இணையதளங்கள் நான் பிறகு எத்தனையோ கட்டிவிட்டேன். அன்று மாமா வீட்டு முற்றத்தில் நின்றதுபோல் எங்கும் நின்றதில்லை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோ கடைக்குப் போனோம். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வேகமில்லாத கைப்பேசிகளுக்காக நான் படங்களைச் சுருக்கித்தான் காட்டுவேன். மாமாவிடம் இருந்ததும் அந்தச் சுருக்கிய படம்தான். சுவரில் மாட்டும் அளவுக்குப் போனால் முகமே கலங்கியது.

"எவ்ளோ பெருசு வந்தா முகம் தெளிவா இருக்கும், பாஸ்?" என்று அக்கா கேட்டார்.

கடைக்காரர் உள்ளங்கையைக் காட்டினார்.

"அம்மா வச்சிருந்ததே அவ்ளோதான்," என்றார் அக்கா. "அந்த அளவிலேயே போடுங்க. மூணு போடுங்க, ஒண்ணு மாமாவுக்கு."

மெஷினிலிருந்து தாள் வெளியே வரும்வரை நாங்கள் இருவரும் அதன் முன்னாலேயே நின்றோம். முதலில் மாலை வந்தது, பிறகு முகம். அக்கா ஈரம் காயாததுபோல் ஓரத்தைப் பிடித்து வாங்கினார். இரண்டைக் கைப்பையில் வைத்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணே. நீங்க எங்க வேணா ஏத்துங்க. தாளு ஒண்ணு கையில வச்சுக்கிட்டு ஏத்துங்க."

வாங்கிக்கொண்டேன்.